வடக்கு பார்க்க வேண்டிய பெட்டி

ஆகஸ்ட் 8, சனிக்கிழமை

தம்பிக்கு,

உன் நிலநடுக்க ஆய்வு மையத்திலிருந்து வந்த படிவத்தில் முதல் கேள்வியே, அதிர்வின்போது வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்பது. அதற்கு விட்டிருக்கும் கட்டத்தில் ஓர் எறும்பு உட்காரலாம், அவ்வளவுதான். அதனால் தனித்தாளில் எழுதுகிறேன்.

புதன்கிழமை காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு இருந்தவர்கள்: கூடத்து மூலையில் பிரார்த்தனையில் நான். குளியலறையில் உன் அத்தான், தலையில் சோப்பு நுரையோடு. சாப்பாட்டு மேசையில் என் மகள், வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டு. வாசலில் தண்ணீர் கேன் போடுபவர், தோளில் ஒன்று, கையில் ஒன்று. மாடியில் குடியிருக்கும் தையல்காரர். ஸ்டோர் ரூமில், போன வருடம் உங்கள் மீசைக்கார டெக்னீஷியன் தரையில் துளை போட்டு ஒரே ஒரு போல்ட்டில் இறுக்கிவிட்டுப் போன பெட்டி. நிலம் எந்தப் பக்கம் எவ்வளவு ஆடியது என்று தானாகவே எழுதிக்கொள்ளும் என்று சொல்லித்தானே என் தலையில் கட்டினாய்? ஆக மனிதர்கள் ஐந்து, பெட்டி ஒன்று.

இரண்டாவது கேள்வி, எப்படி உணர்ந்தீர்கள். எப்படி உணர்வார்கள்? முதலில் கீழேயிருந்து யாரோ கட்டையால் 'டொக்' என்று தட்டியதுபோல் ஒன்று. அப்போது நான் பிரார்த்தனையில் ஏழாவது வரியில் இருந்தேன். பெரிய ஆட்டம் வந்தபோது பதின்மூன்றாவது வரி தொடங்கினேன். நான் ஒரு வரிக்கு இரண்டு விநாடி எடுப்பேன், இருபது வருடமாக அதே வேகம். பிறகு தரை பக்கவாட்டில் இழுத்து இழுத்துத் தள்ளியது. அத்தான் துண்டோடு ஓடிவந்து, "என்ன, மோட்டார் வெடிச்சிடுச்சா?" என்றார். கேன்காரர் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, தோளில் இருந்ததைப் பிடித்துக்கொண்டே தெருவில் நின்றார். யாருக்கும் அடியில்லை. மேலே இருப்பவன் காப்பாற்றினான்.

இதெல்லாம் போனில் சொல்ல வேண்டியது. நீ "அக்கா, ஒரு நிமிஷம்" என்று வைத்தாய். அந்த ஒரு நிமிடம் தொடங்கி மூன்று நாள் ஆகிறது.

படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியை நான் கேட்கிறேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் என் மகள் ஒன்றாம் வகுப்பு எடுக்கும் பள்ளிக்கூடம். இரண்டு மாடி. கீழ்த்தளத் தூண்களில் தலைமுடி மாதிரி கீறல்கள் விழுந்திருக்கின்றன. புதன்கிழமையிலிருந்து மூடிக் கிடக்கிறது, 31ஆம் தேதி திங்கட்கிழமை திறக்கிறார்களாம். ஆய்வு மையத்தின் அறிக்கை வந்த பிறகுதான் தூணை உடைத்துப் பார்ப்பதா வேண்டாமா என்று பொறியாளர்கள் முடிவு செய்வார்கள் என்று தலைமையாசிரியை சொன்னாராம். அறிக்கை எழுதுவது நீ. என்ன எழுதப் போகிறாய்?

உன் அக்கா


ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

ஒரு வரி கேட்டால் நான்கு பக்கம் வரும் என்று தெரிந்தேதான் உனக்குப் படிவம் அனுப்பினேன். தப்பு என்னுடையது.

உன் பிரார்த்தனை சரியாக இருக்கிறது. ஆறு வரி, பன்னிரண்டு விநாடி. முதலில் வரும் வேகமான அலைக்கும் பின்னால் வரும் பெரிய அலைக்கும் அவ்வளவு இடைவெளி என்றால் நிலநடுக்கம் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி. மற்ற கருவிகளும் அதைத்தான் சொல்கின்றன. உங்கள் ஊருக்கு நேர் கிழக்கே, நடுக்கடலில். இதுவரை சண்டை இல்லை.

இனிமேல்தான். நிலம் எவ்வளவு பலமாகத் தள்ளியது என்பதைப் புவியீர்ப்பில் இத்தனை சதவீதம் என்று சொல்வோம். உங்கள் ஊரில் நான்கு கருவிகள். துறைமுக அலுவலகம் ஒன்பது. மின் நிலையம் எட்டு. விளையாட்டு மைதானம் பதினொன்று. உன் ஸ்டோர் ரூம் முப்பத்தொன்று.

கூட்டத்தில் இந்தக் கணக்கைக் காட்டினேன். எங்கள் தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க அக்கா அன்னிக்குத் துணி துவைச்சாங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், வேறு என்ன செய்ய?

விதி எளிமையானது. பதினைந்துக்கு மேல் என்றால் அந்தப் பகுதிக் கட்டிடங்களில் தூண் பூச்சை உடைத்துப் பார்ப்பார்கள். அதற்குக் கீழே என்றால் வெளியே நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். உன் பெட்டியை எடுத்துவிட்டால் ஊரிலேயே அதிகம் பதினொன்றுதான்.

மூன்று கேள்விகள். ஒன்று, வாஷிங் மெஷின் ஓடியதா? இரண்டு, பெட்டிமேல் அல்லது அதன் கீழே ஏதாவது வைத்தாயா? மூன்று, யாராவது பெட்டியைத் தொட்டார்களா? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். அறிக்கை இருபதாம் தேதி கையெழுத்தாகிறது.

தம்பி


ஆகஸ்ட் 13

தம்பிக்கு,

ஒரு வரியாம். வைத்துக்கொள்.

வாஷிங் மெஷின் எங்கள் வீட்டில் செவ்வாயும் சனியும் ஓடும். நிலம் ஆடியது புதன். மெஷின் இருப்பது பின்கட்டில், ஸ்டோர் ரூமிலிருந்து பதினான்கு அடி எடுத்து வைக்க வேண்டும். உங்கள் தலைவியிடம் சொல்.

பெட்டிமேல் எதுவும் வைக்கவில்லை. அது வந்ததிலிருந்து வெங்காயக் கூடைகூட படிக்கட்டுக்குக் கீழே குடிபோய்விட்டது. மாவு அரைக்கும் மெஷினைத் தூக்கிக் கூடத்தில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் "ஏன் இங்க?" என்று கேட்கிறார்கள். உள்ளே ஒரு விருந்தாளி இருக்கிறார், சத்தம் ஆகாது என்கிறேன். என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள்.

நீ கேட்காமலேயே உன் பெட்டிக்கென்று தனி நோட்டுப் போட்டேன். பச்சை அட்டை. ஸ்டோர் ரூமுக்குள் யார் போனாலும் தேதி, மணி, காரணம். கேஸ் சிலிண்டர், மோட்டார், ரிப்பேர் எல்லாம் எழுதும் வீட்டு நோட்டு வேறு, இது வேறு. பதினொரு மாதமாக ஒரு நாள் விட்டதில்லை. பச்சை நோட்டை முதல் பக்கத்திலிருந்து நேற்று மறுபடியும் படித்தேன். மேலே இருப்பவன் அறியச் சொல்கிறேன், அந்தப் பெட்டியை நானோ இந்த வீட்டில் வேறு யாருமோ தொடவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்துப் படித்தேன். பாறைமேல் இருக்கும் வீடும் கொட்டி நிரப்பிய மணல்மேல் இருக்கும் வீடும் ஒன்றுபோல் ஆடாது என்று இரண்டிலும் போட்டிருக்கிறது. துறைமுக அலுவலகம் பாறைமேல் இருக்கிறது. எங்கள் தெருவும் பள்ளிக்கூடமும் உப்பங்கழியை மூடிய இடம். இங்கே சுவருக்கு அஸ்திவாரம் தோண்டினால் இன்றைக்கும் கிளிஞ்சல்தான் வரும். நீ படித்த படிப்பில் இது இல்லையா?

சாட்சி வேண்டுமா? மாடித் தையல்காரரின் மெஷின், இரும்புக் கால் வைத்தது, இரண்டு பேர் தூக்கினால்தான் நகரும். அது அன்றைக்கு ஒரு முழம் நடந்திருக்கிறது. அவரே தையல் நாடாவால் அளந்து காட்டினார். "துணிக்கு அளவெடுத்திருக்கேன்மா, பூகம்பத்துக்கு இப்பத்தான் எடுக்கறேன்" என்றார். துறைமுக அலுவலகத்தில் வேலை பார்ப்பவரின் மனைவி, அங்கே மேசைமேல் இருந்த டீ தம்ளர்கூட சிந்தவில்லை என்கிறாள்.

முப்பத்தொன்று என்று பெட்டி சொன்னால் முப்பத்தொன்றுதான். எழுது.

அக்கா


ஆகஸ்ட் 16, ஞாயிறு

அக்காவுக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஒரு மணி நேரம் வாதாடினேன். கொட்டிய மணல் அதிகம் ஆடும் என்பது எனக்கும் தெரியும். தையல் மெஷின் நடந்த கதையைக்கூடச் சொன்னேன். தலைவி பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு படத்தைத் திரையில் போட்டார்.

பெட்டி எவ்வளவு என்று மட்டும் எழுதுவதில்லை, எந்தப் பக்கம் என்றும் எழுதும். அதன் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கிறது. அது வடக்கு பார்க்க வேண்டும். அப்படி வைத்துத்தான் மீசைக்காரர் இறுக்கினார். அந்த வடக்கை வைத்துத்தான் அலை எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போடுவோம். மற்ற மூன்று கருவிகளும் கிழக்கே, கடலைக் காட்டுகின்றன. உன் பெட்டி தெற்கைக் காட்டுகிறது. உங்கள் ஊருக்குத் தெற்கே என்ன இருக்கிறது? கல்குவாரி. உன் பெட்டியை நம்பினால் நிலநடுக்கம் கடலில் வரவில்லை, குவாரியில் வந்தது!

திசை தப்பாக இருந்தால் பெட்டி இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். போல்ட் தளர்ந்திருக்கலாம். தளர்ந்த பெட்டி தன்பாட்டுக்குக் குதிக்கும், முப்பத்தொன்று என்ன, எழுபதுகூடக் காட்டும். அப்படிப்பட்ட பதிவை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. எடுத்துவிட்டேன். உன் பெட்டிக்காகக் கை தூக்கிப் பேசிய நானே அதை என் கையால் அடித்தேன்.

தொடவில்லை என்று கடவுள்மேல் சொல்கிறாய். நீ பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. நான் எட்டாவது படிக்கும்போது என் மூக்குக்கண்ணாடியை மூன்று நாள் தேடினேன். கரும்பலகை தெரியாமல் வாத்தியாரிடம் திட்டு வாங்கினேன். கடைசியில் உன் ஊசிநூல் டப்பாவில் இருந்தது. "நீ எடுத்தியா?" என்றால், "நான் எங்க எடுத்தேன்? மேசை துடைக்கறப்போ பத்திரமா வச்சேன்" என்றாய். இன்றுவரை அது உன் தப்பு என்று நீ ஒத்துக்கொண்டதில்லை.

நன்றாக யோசி. பள்ளிக்கூடம் எனக்கும்தான் கவலை. உன் மகள் எனக்கு மருமகள் மட்டும் அல்ல, என் பிள்ளை மாதிரி.

தம்பி


ஆகஸ்ட் 18

தம்பிக்கு,

மூக்குக்கண்ணாடி. முப்பது வருடமாக இதை வைத்துக்கொண்டிருக்கிறாயா? நானும் சில வைத்திருக்கிறேன். பத்தாவதோடு நான் நின்றேன், நீ மேலே படித்தாய். அதை என்றைக்காவது சொல்லிக் காட்டியிருக்கிறேனா? இப்போதும் காட்டவில்லை. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

அத்தானைக் கேட்டேன். "அந்த ரூமுக்குள்ள போனா நீ நோட்டை எடுத்துட்டு வருவே, எனக்கு எதுக்கு வம்பு?" என்றார். தையல்காரர் எங்கள் வீட்டுக்குள் வருவதே இல்லை. கேன்காரர் வாசலோடு சரி. பச்சை நோட்டில் ஒன்றும் இல்லை.

மகள் பக்கத்தில் இருந்துகொண்டு, "அம்மா, மாமா கேக்கறதுல என்ன தப்பு? அவர் வேலை அது" என்கிறாள். 31ஆம் தேதி அந்தத் தூண்களுக்கு நடுவில் நிற்கப் போகிறவள் அவள். அவளுக்காக நான் மல்லுக்கு நின்றால் அவள் உனக்கு வக்கீல் வேலை பார்க்கிறாள்.

நான் தொடவில்லை. ஆயிரம் தடவை கேட்டாலும் அதுதான். என்மேல் நம்பிக்கை இல்லாத இடத்தில் உன் பெட்டி எதற்கு? நீயே வந்து கழற்றிக்கொண்டு போ. வெங்காயக் கூடைக்கு இடம் கிடைக்கும்.

அக்கா


ஆகஸ்ட் 19, புதன்கிழமை

தம்பிக்கு,

நேற்று அனுப்பிய கடிதத்தைப் படிக்காதே. படித்திருந்தால் மறந்துவிடு.

இன்று காலை கேஸ் தீர்ந்தது. போன சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று பார்க்க வீட்டு நோட்டைத் திறந்தேன். பச்சை நோட்டு அல்ல, வீட்டு நோட்டு. போன சிலிண்டர் மாற்றியது ஜூலை 18, சனிக்கிழமை. அதற்கு மேல் வரியை அப்படியே எழுதுகிறேன்:

"ஸ்டோர் ரூம் தரைக்குப் பெயின்ட் அடித்தது. காலை 10.10 விருந்தாளியின் சுவிட்சை அணைத்தது. நடு நட்டைக் கழற்றி எடுத்துக் கூடத்தில் வைத்தது. பெயின்ட் காய்ந்தது. மாலை 4.40 திரும்ப வைத்து இறுக்கியது. மட்டம் காட்டும் கண்ணாடிக் குமிழி நடுவில். அதன் பச்சை விளக்கு அடுப்படியிலிருந்து தெரிகிற மாதிரி திருப்பி வைத்தது. ஆள்: நான்."

என் கையெழுத்து. என் பேனா. படித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பச்சை நோட்டில் ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். பெயின்ட் அடித்தது வீட்டு வேலை, அதனால் வீட்டு நோட்டு. பெட்டியைத் தூக்கியதை நான் தொட்டதாகவே நினைக்கவில்லை, சுத்தம் செய்ததாகத்தான் நினைத்தேன். அலமாரியைத் துடைக்கும்போது சாமான்களை எடுத்து வைப்பதில்லையா, அது மாதிரி. நீ மூக்குக்கண்ணாடி பற்றி எழுதியது சரி. போதுமா?

விளக்கை ஏன் திருப்பினேன் என்றால், அது எரிகிறதா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் உள்ளே போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் பச்சை நோட்டில் எழுத வேண்டியிருந்தது. அடுப்படியில் நின்றபடியே தெரிந்தால் பெட்டிக்கும் தொந்தரவில்லை, எனக்கும் இல்லை என்று நினைத்தேன். உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

திசைகாட்டும் கருவி வீட்டில் இல்லை. காலையில் சூரியனை வைத்துப் பார்த்தேன். அம்புக்குறி இப்போது மேற்கே பார்க்கிறது.

காகிதத்தில் அம்பு வரைந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வடக்கு பார்க்க வேண்டியது மேற்கு பார்த்தால், கிழக்கிலிருந்து வருவது அதற்குத் தெற்கிலிருந்து வருவதாகத்தானே தெரியும்? மூன்று தடவை வரைந்தேன். மூன்று தடவையும் உன் குவாரிதான் வந்தது. அப்படியென்றால் பெட்டி பொய் சொல்லவில்லை. அதைக் கோணலாக நிற்க வைத்தவள் நான்.

போனில் சொன்னால் நீ சிரிப்பாய், எனக்கு அழுகை வரும், இரண்டாலும் பிரயோஜனமில்லை. எழுதினால் உன் தலைவியிடம் காட்டலாம். நோட்டுப் பக்கத்தை நகலெடுத்து வைத்திருக்கிறேன்.

இன்று பிரார்த்தனையில் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. அவன் பெயரைச் சொல்லி, தொடவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கு நான் அவனிடம் தனியாகப் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ பள்ளிக்கூடத்தைப் பார்.

அக்கா


ஆகஸ்ட் 21, வெள்ளி

அக்கா,

நேற்று மத்தியானம் கடிதம் வந்தது. அறிக்கை காலையிலேயே கையெழுத்தாகிவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பிறகு பழைய பதிவுகளைத் தோண்டினேன். ஜூலை 18 அன்று காலை 10.10 முதல் மாலை 4.40 வரை உன் பெட்டியில் பதிவு இல்லை. நிமிடம் தப்பவில்லை. அந்த ஓட்டையை நான் போன மாதமே பார்த்தேன். பக்கத்தில் 'மின்தடை' என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன். உன்னை ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கேட்கவில்லை. உன் நோட்டில் இருந்தது உண்மை. என் நோட்டில்தான் நான் கற்பனை செய்து எழுதினேன்.

ஜூன் 29 அன்று கடலில் ஒரு சின்ன அதிர்வு. அதை உன் பெட்டி சரியாகக் கிழக்கிலிருந்து காட்டியிருக்கிறது. ஜூலை 18க்குப் பிறகு பதினொரு சின்ன அதிர்வுகள். பதினொன்றும் குவாரியிலிருந்து வந்ததாகக் காட்டியிருக்கிறது. அம்பைக் கால் வட்டம் திருப்பிக் கணக்குப் போட்டேன். பதினொன்றும், அந்தப் பெரியதும், வரிசையாகக் கடலுக்குப் போய் உட்கார்ந்தன. பெட்டி குதித்திருந்தால் இப்படி ஒழுங்காக வராது. முப்பத்தொன்று நிற்கிறது அக்கா.

உன் கடிதத்தையும் கணக்கையும் தலைவியிடம் காட்டினேன். "நம்ம ஆளுங்ககூட இப்படி மணி போட்டு எழுதறதில்ல" என்றார். துணி துவைப்பதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

ஆனால் கையெழுத்தான அறிக்கையில் திருத்தம் சேர்க்க வேண்டுமென்றால், பெட்டியைத் திருப்பியவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் வேண்டும். அது குழுவில் எல்லார் முன்னிலும் வாசிக்கப்படும். உங்கள் ஊர்ப் பொறியாளர்கள், பள்ளி நிர்வாகம் எல்லாரும் இருப்பார்கள். வீட்டுக்காரரின் தவறு என்றுதான் பதிவாகும். 'மின்தடை' எழுதிய என் தவறும் அதன் கீழே வரும், எழுதிக் கொடுத்துவிட்டேன். உனக்குச் சம்மதமா? குழு 26ஆம் தேதி கூடுகிறது.

இன்னொன்று. நட்டை எவ்வளவு இறுக்கினாய்? அவர்கள் கேட்கப் போகும் முதல் கேள்வி அதுதான். குழு கூடிய மறுநாள், வியாழக்கிழமை, மீசைக்காரர் வந்து சரிபார்ப்பார். அதுவரை பெட்டியைத் தொடாதே. துடைக்கவும் செய்யாதே. இரண்டும் ஒன்றுதான்.

தம்பி


ஆகஸ்ட் 22, சனி

தம்பிக்கு,

சம்மதமா என்று கேட்கிறாயே, அறிவிருக்கிறதா உனக்கு? அங்கே என் மகள் நிற்கப் போகிறாள், நான் என் கௌரவத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டா இருப்பேன்?

வாக்குமூலம் இத்துடன். எழுதும்போது உடன் இருந்தவர்கள்: அத்தான், மகள், சாட்சிக் கையெழுத்துப் போட்ட தையல்காரர். "திருப்பி வைத்தது நான், என் சௌகரியத்துக்காக, யாரையும் கேட்கவில்லை, பிறகு தொடவில்லை என்று எழுதியது தவறு" என்று நான்கு வரிதான். உனக்குப் பிடித்த அளவு. நோட்டுப் பக்கத்தின் நகலும் இருக்கிறது.

நட்டு: அத்தானின் பெரிய ஸ்பேனர். இரண்டு கையாலும் திருகினேன், பிறகு கைப்பிடிமேல் காலை வைத்து ஒரு மிதி. அதற்குமேல் திரும்பவில்லை. இது வீட்டு நோட்டில் இல்லை, ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 29, சனி

தம்பிக்கு,

வியாழக்கிழமை காலை மீசைக்காரர் வந்தார். நட்டைக் கழற்றிப் பார்க்க ஸ்பேனரைப் போட்டார். அசையவில்லை. முகம் சிவந்துபோய், "இதை யாரும்மா இறுக்குனது?" என்றார். நான்தான் என்றேன். "நானே இவ்வளவு இறுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கழற்றாமலேயே எழுதிக்கொண்டார். அம்பு எங்கே பார்க்கிறது என்று மூன்று தடவை அளந்தார்.

குழுவில் என் வாக்குமூலத்தை வாசித்தது ஊருக்கே தெரிந்துவிட்டது. தையல்காரர் படியிறங்கும்போதெல்லாம், "என்னம்மா, கடல்ல வந்த பூகம்பத்தை நீங்க குவாரிக்கு அனுப்பிட்டீங்களாமே!" என்கிறார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் ஆயிற்றே, பொறுத்துக்கொள்கிறேன். தலைமையாசிரியைக்குக் கோபம். திறக்கிற நேரத்தில் தூணை உடைக்க வைத்துவிட்டேனாம். அத்தானைத் தெருவில் நிறுத்தி, "உங்க வீட்டம்மாவுக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். இவர், "இருக்குங்க, அதையும் எழுதி வச்சிருக்கா" என்றாராம். இவர் எனக்காகப் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

நேற்று பொறியாளர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். மகள் கூப்பிட்டாள், போனேன். முதல் இரண்டு தூணில் ஒன்றும் இல்லை. பூச்சு மட்டும்தான் உதிர்ந்தது. தலைமையாசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது, மகளின் வகுப்புக்கு வெளியே இருக்கும் தூண். வரிசையாக ஆணி அடித்து, பிள்ளைகள் பை மாட்டுவார்களே, அது. சுத்தியலால் நான்கு தட்டுத் தட்டினார்கள். பூச்சு ஒரு பாளமாக விழுந்தது. உள்ளே சிமென்ட் பிஸ்கட் மாதிரி உதிர்ந்து கையோடு வந்தது. கம்பிகள் வெளியே வளைந்து நின்றன. பொறியாளர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாரும் வெளிய போங்க, மெதுவா" என்றார். அவர் குரலில்தான் எனக்குப் பயமே வந்தது.

வாசலில் வந்து நின்றோம். தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் மட்டும், "அம்மா, திங்கக்கிழமை காலையில அந்தத் தூண்ல நாப்பது பை தொங்கியிருக்கும்" என்றாள்.

பள்ளிக்கூடம் திறக்கவில்லை. கீழ்த்தளம் முழுக்க முட்டுக்கொடுத்துக் கட்டப் போகிறார்களாம். அதுவரை வகுப்புகள் வேறு கட்டிடத்தில். எங்கள் தெருவிலும் வீடு வீடாகப் பார்க்கப் போகிறார்கள். நம் வீட்டை முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை பிரார்த்தனையைக் கடைசி வரி வரை சொன்னேன். வழக்கத்தைவிட மெதுவாகத்தான் போனது. வரிக்கு மூன்று விநாடி வைத்துக்கொள்.

இப்போது எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். பெட்டி இன்னும் மேற்கேதான் பார்த்துக்கொண்டிருக்கிறது. மீசைக்காரரைக் கேட்டதற்கு, "திருப்பறதா, கணக்குலயே சரி பண்ணிக்கறதான்னு சார்தான் சொல்லணும்" என்று போய்விட்டார். பெட்டிமேல் மூன்று வாரத் தூசு. அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. நான் கிட்டே போகவில்லை. பச்சை நோட்டும் வீட்டு நோட்டும் இப்போது ஒரே நோட்டு.

வடக்கே திருப்ப வேண்டுமா, இப்படியே இருக்கட்டுமா? துடைக்கலாமா? இரண்டுக்கும் ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடு.

உன் அக்கா